சாலையோர வால்வு

எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. தண்ணீர்ச் சிக்கனப் பாடம் நடத்தப்போன இடத்தில் அந்த அவசரம்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

சாக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் இடத்தில் காவிரிக் குடிநீர்க் குழாயின் வால்வு ஒன்று இருக்கிறது. எந்நேரமும் ஒழுகும். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். புத்தகத்தில் இருக்கும் சொட்டும் குழாய்ப் படத்தைக் காட்டுவானேன் என்று பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போனேன். அடியில் ஒரு வாளியை வைத்தேன். நான் பேசி முடிப்பதற்குள் அது நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவர்கள் முன்னாலேயே குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். காலையில் ஆள் வரும் என்றார்கள். ஒரே கைதட்டல். எனக்கும் தலைகால் புரியவில்லை. வகுப்புக்குத் திரும்பியதும் குடிநீர் அண்டாவுக்கு ஒரு பையனைக் காவல் போட்டேன். அண்டாத் தண்ணீர் குடிக்க மட்டும்தான், கை கழுவக் கூடாது என்று சட்டமும் போட்டேன்.

மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு ஒரு சிறுமி மட்டும் என் மேசையருகே வந்து நின்றாள். கொத்தனார் மகள், மேட்டுக் குடியிருப்பில் வீடு.

"டீச்சர், எங்க வீட்டுக் குழாயில தண்ணி ஏறாது. எங்கம்மா அந்த வால்வுலதான் குடிக்கத் தண்ணி பிடிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே போனை எடுத்தேன். ஒழுகுவதை அடைக்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? எப்படியும் சொல்லிவிடுவது என்று அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அது ஊருக்கு ஊர் நின்று நின்று என் உயிரை வாங்கியது.

நான் இறங்கும்போதே அலுவலகம் அனுப்பிய பிட்டர் ஸ்பேனரோடு வால்வின் மேல் குனிந்திருந்தார். பக்கத்தில் அந்தச் சிறுமியின் அம்மா குடத்தோடு நின்றார். இங்கே ஒரு குழாய் வைத்துக் கொடுங்கள் என்று பிட்டரிடம் கெஞ்சினேன். நல்ல மனுஷர்தான், எரிந்து விழவில்லை.

"அடைக்கிறதுக்கு ஒரு போன் போதும் டீச்சர். குழாய் வைக்கணும்னா மேல உத்தரவு வாங்கணும்."

ஒழுகல் நின்றது. அந்த அம்மா காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்ப் பக்கம் நடந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த உத்தரவுக்காக நானும் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறேன். பார்க்கலாம் என்கிறார்கள். சிறுமி இப்போதெல்லாம் தாமதமாகத்தான் வருகிறாள். அவள் வரும்வரை நான் பாடம் நடத்துவதாகப் பேர், கண் வாசலில்தான்.

நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டுக்கு எடுத்துப்போக அண்டாவில் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்தாள். காவல் பையன் ஓடிவந்து மறித்தான். பிடிக்கட்டும் விடு என்று கத்திவிட்டேன். அவன் மிரண்டு போனான்.

"நீங்கதானே டீச்சர் குடிக்க மட்டுந்தான்னு சொன்னீக?"

அவளும் குடிக்கத்தானடா பிடிக்கிறாள் என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவள் இரண்டு பாட்டிலையும் சிந்தாமல் அண்டாவிலேயே ஊற்றிவிட்டாள்.