கால் படம் போட்ட பெட்டி

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மவுண்ட் ரோஸ்கில்லில் கஜானி சிகரெட் பிடிப்பாள் என்று யாராவது சொன்னால், சொன்னவரைத்தான் ஊர் திட்டும். முதியோர் இல்லத்தில் இரவு வேலை, பகலில் தூக்கம், மகளுக்குத் தமிழ்ப் பள்ளி என்று ஓடுபவள். கணவனுக்குத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வான். மகள் பிரணவிக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் அவளுடைய பயம்.

வேலையிடத்து இடைவேளையில் தொற்றிய பழக்கம். அப்போது எச்சரிக்கைப் படம் சின்னதாக இருக்கும். மற்றபடி பெட்டி வெள்ளை, வெள்ளிக் கரை, பார்க்க வடிவு. கைப்பையில் உதட்டுச் சாயத்தோடு கிடந்தால் யார் கண்ணிலும் படாது. இரண்டாயிரத்துப் பதினெட்டில் அரசாங்கச் சட்டத்தால் எல்லாப் பெட்டியும் சேற்று நிறமாகி, படம் பெரிதாகிவிட்டது. நல்லதுக்குத்தான் செய்தார்கள், இல்லையென்று யார் சொன்னது? கஜானி விடவில்லை, ஒளிக்கப் பழகினாள்.

அதில் முதலில் கிடைத்த பெட்டியில், புகையால் நோயுற்ற குழந்தையின் படம். பிரணவி அப்போது கைக்குழந்தை. பதறிப்போய், வாங்கிய டெய்ரிக்கே, நவரத்தினத்தின் மூலைக்கடைக்குத் திரும்பி ஓடினாள்.

"நவரத்தினம் அண்ணை, இது வேண்டாம். கால் படம் இருக்கிறதாப் பாத்துத் தாங்கோ."

புண் வந்த கால்களை வேலையில் தினமும் துடைப்பவள். அந்தப் படம் அவளை ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து கேட்காமலே கால் படம்தான் கிடைத்தது.

போன பள்ளி விடுமுறையில், ஒரு நடுப்பகல். தூங்கிக்கொண்டிருந்தவளின் காலுறையை யாரோ கழற்றினார்கள். பிரணவி கட்டிலின் கால்மாட்டில் குந்தியிருந்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"செக் பண்ணுறன்."

மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். காருக்குள் அம்மாவின் பெட்டிகளைப் பார்த்திருக்கிறாள். மருந்துப் பெட்டியில் அவரவர் பெயர் இருப்பதுபோல், இதில் அவரவருக்கு வரப்போகும் நோயின் படம் இருக்கிறதாம். பஸ் நிறுத்தத்தில் கிடக்கும் பெட்டிகளில் கண், வாய் எல்லாம் உண்டு. அம்மாவுடையதில் மட்டும் எப்போதும் கால். அதனால் அம்மா தூங்கும்போதெல்லாம் பார்க்கிறாள், ஒரு வருடமாக.

"அது என்ர கால் இல்லை, பிள்ளை."

"ஐ நோ. நாட் யெட்," என்றாள் எட்டு வயதுப் பிள்ளை. "அப்பாட்ட நான் சொல்லேல்ல."

காலுறையை மெதுவாக மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கஜானி எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்குத் தெரியக் கூடாதென்று ஒளித்து, அந்தப் பிள்ளையையே ஒரு வருடம் தனியாகப் பயப்பட விட்டிருக்கிறாள். இன்றோடு விடுகிறேன் என்று வாய்க்குள் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, ஒன்று பிடித்துவிட்டு வந்து அழலாம் போல இருந்தது.