செங்கம்மாள் வேண்டாமென்ற நைலான் வலை

என் அண்ணி செங்கம்மாளுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அம்மை ஊசி போட வந்த நர்ஸிடம், "மொதல்ல உன் கையில குத்திக் காட்டு" என்றவள். கும்மிடிப்பூண்டி சந்தையில் ஒருத்தி பேரம் பேசாமல் மீன் வாங்கிப் போனால், ஏன் பேசவில்லை என்று அன்றைக்கு முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருப்பாள். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பமே அவளைக் கிண்டல் செய்தது. ஆறு வயதில் அம்மாவை இழந்த என்னை வளர்த்தவள் அவள்தான். அந்த உரிமையில் நான் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்வேன்.

1972-இல் மெட்ராஸிலிருந்து துளசிராமன் ஜீப்பில் வந்து இறங்கினார். இறாலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் அவருக்கு.

"தொழில்னா லாபம் மட்டும் இல்லப்பா. ஊருக்கு நல்லது நடக்கணும்" என்றார்.

பேச்சோடு நிற்கவில்லை. கரையில் கொட்டகை போட்டு, இறால் உரிக்க முப்பது பெண்களுக்கு வேலை கொடுத்தார். கைப்பம்பு போட்டார். மாதம் ஒருமுறை டாக்டரைக் கூட்டிவந்தார். எட்டாவது படித்த எனக்குக் கொட்டகையில் எழுத்து வேலை. அதெல்லாம் வெறும் வேஷம் என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பம்பில் வந்தது நல்ல தண்ணீர்தான்.

அடுத்த வருஷம் வீட்டுக்கு ஒரு நைலான் வலை இலவசம் என்றார். ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தால் போதும்.

"சும்மா குடுக்கறவனுக்கு இன்னாத்துக்குடா கைநாட்டு?" என்று கேட்டாள் அண்ணி.

"வலை வாங்கிக்கினதுக்கு அத்தாட்சி, அண்ணி."

"வாங்கினவன் ஊட்டுல வலை கீதே, அது பத்தாதா? நம்மகிட்ட கீறது பாடு ஒண்ணுதான். அது மேல எவன் கண்ணும் பட வாணாம்."

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். எந்த நாள் யார் அங்கே வலை போடுவது என்று வருஷா வருஷம் சீட்டுப் போட்டு முறை வைப்போம். அதற்குப் பெயர்தான் பாடு. அதை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. நிலமா என்ன, பத்திரம் எழுத? அந்தத் தைரியத்தில்தான் ஊரே அண்ணியைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் முறைக்காரனுக்கு உடம்பு முடியாவிட்டால் தனக்குப் பதில் ஆள் அனுப்பலாம் என்றும் ஒரு வழக்கம் இருந்தது. அதை எங்களில் ஒருத்தனும் யோசிக்கவில்லை.

அண்ணன் தேசப்பன் பாவம். ஊரெல்லாம் நைலான் வலையோடு போக, அவர் மட்டும் கிழிந்த பருத்தி வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணி சந்தைக்குப் போன ஒரு நாள் அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அவர் கைநாட்டு வைத்தார், பக்கத்தில் பெயரை நான் எழுதினேன். மேலே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. வேலை செய்கிறவன் என்று முதலாளி எனக்குத் தந்த வலை என அண்ணியிடம் சொன்னேன். நம்பிவிட்டாள்.

கார்த்திகை மழையில் இறால் ஏறியது. முதல் முறைக்காரர்கள் போனபோது, துளசிராமனின் ஆட்கள் அங்கே வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கூட்டம் கூடியது. துளசிராமன் கோபப்படவே இல்லை. காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"பதில் ஆள் அனுப்பறது உங்க வழக்கம்தானே? இனிமே எப்பவும் என் ஆளுங்க போவாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்களுக்கு மழையில சிரமம் வேண்டாம். எல்லாருக்கும் கொட்டகையில வேலை தர்றேன்."

ஊர்த் தலைவர் வரதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கைநாட்டு வெச்சவனுக்குப் பாடு போச்சு. வெக்காதவனுக்கு உண்டு. பேரப் படிங்க."

துளசிராமனின் ஆள் காகிதத்தை வாங்கப் போனான். அண்ணி முன்னால் வந்து மறித்தாள். ஊரிலேயே தன் வீட்டுப் பாடு மட்டும் தப்பியது என்கிற நிமிர்வு அவள் முகத்தில் இருந்தது.

"அவங்க ஆளு வாணாம். எங்க லோகு படிக்கட்டும். அவன் பொய் சொல்ல மாட்டான்."

படித்தேன். கடைசிப் பெயரில் நின்றுவிட்டேன்.

"இன்னாடா நின்னுட்ட? படி."

"தேசப்பன்."

அண்ணி அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறு வாரம் அவளும் இறால் உரிக்கப் போனாள். வேலையில்லாத வீடே இந்த ஊரில் இல்லை என்று பொங்கல் மேடையில் துளசிராமன் பேசினார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கூட்டம் கை தட்டியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் தாங்க முடியாமல் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

அண்ணி நின்றாள். "அவன் மேல எனக்கு இன்னாடா கோவம்? அவன நான் எப்ப நம்பினேன்?"