இடது முட்டியின் கோபம்

கள்ளக்குறிச்சி வரும் மலை பஸ்ஸில் இன்று என் எதிரே இருந்த பெரியவரின் வலது முட்டியில் மட்டும் விபூதி.

தினமும் காலையில், உடம்பில் ஒழுங்காக வேலை செய்யும் உறுப்புகளுக்கு விபூதி பூசி நன்றி சொல்வாராம்.

"இடதுக்கு இன்னாத்துக்கு? அது பொங்கல்ல இருந்து சும்மா கூட வந்துக்கினு கீது."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் எழப் பார்த்தார். இடது முட்டி நீளவே இல்லை.

"சுகர் மாத்திரை தீந்துடுச்சி. ஆஸ்பத்திரில சீட்டு குடுக்கற எடத்த மூடிடுவாங்களே."

கண்டக்டர், "கோவிச்சிக்கிச்சி பெருசு. அதுக்கும் ஒரு நன்றி சொல்லு, டைம் ஆவுது" என்றார்.

"நான் சொல்லமாட்டேன். வேணும்னா நீ சொல்லு."

கண்டக்டர் சொன்னார். டிரைவரும் திரும்பிச் சொன்னார். முட்டி அசையவில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டிக்கெட் கேட்கவே வாய் வராத நான், குனிந்து முட்டியிடம் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, அவரைத் தாங்கி இறக்கிவிட்டேன்.