பெயர் வைத்த பிள்ளை

அன்று காலை கடற்கரையில் இருந்தது அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அப்பா மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப்போன தோணியில் இருந்தார். அக்கா நாசரேத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் இல்லாததுதான் பிறகு எங்களை நடுங்க வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயில் பூசைக்குப் போகிற வழியில், மாமா தன் மீன்பிடி வள்ளத்தில் மறந்துவிட்ட சோற்று வாளியை எடுக்கப் போனோம். வலையின்மேல் ஒரு துண்டு கிடந்தது. உள்ளே, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பெண்குழந்தை. விடிந்ததும் ஆட்கள் வருவார்கள் என்று நம்பி யாரோ வைத்திருக்கிறார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் தெரியவில்லை. நாங்களும் போகாதிருந்தால் வெயில் ஏறியிருக்கும்.

குழந்தை அழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"தொடாதக்கா, போலீஸுக்குச் சொல்லிருவோம்," என்றார் மாமா.

"வாய மூடுலே! பிள்ள சாகுது."

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு, சாமியார் வரும்வரை காத்திராமல் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நெற்றியில் மூன்று முறை ஊற்றி, ஒரு பெயரும் வைத்தாள். தண்ணீர் பட்டதும் குழந்தை லேசாகச் சிணுங்கியது. அதை மாரோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். விசாரிக்க ஒரு பெண் போலீஸ் வந்தார். "நீதான் படிச்சவன், பேசுலே," என்று மாமா என்னை முன்னால் தள்ளினார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். போலீஸ்காரம்மாவும் தலையாட்டிக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் வெளியே வந்த நர்ஸிடம் அம்மா, தான் வைத்த பெயரைச் சொல்லி, "அவ எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

போலீஸ்காரம்மா எழுதுவதை நிறுத்தினார். "பேரும் வச்சாச்சா? கண்டெடுத்த பிள்ளைக்கு வழியிலயே பேரு வைக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்."

"ஞானஸ்நானம் கொடுத்தேம்மா. பேரில்லாம எப்படிக் கொடுக்க?"

"வீட்டுல வயசுப் பொம்பளப்பிள்ள உண்டா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"உண்டு. நாசரேத்துல படிக்கா," என்றாள்.

"ஊருக்கு வந்து எத்தன மாசமாச்சு?"

"நாலு மாசம். பரீட்சைன்னு சொன்னா."

"சாயங்காலத்துக்குள்ள அவ இங்க இருக்கணும். இல்லன்னா நாங்க போயிக் கூட்டிட்டு வாரோம்."

விடுதி வாசலில் ஜீப் நின்றால் அக்காவின் படிப்பும் போகும், பெயரும் போகும். மாமாவும் நானும் கார் பிடித்துப் பறந்தோம். திரும்பும் வழியில், முன்னாலிருந்த டிரைவர் காதில் விழாமல் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "பிள்ளைக்கு மூச்சு சீராயிட்டா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகுதான் தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் ஒரு பெண் டாக்டர், பிள்ளை பெற்ற உடம்பா என்று அவளைப் பரிசோதித்தார். நாங்கள் வெளியே நின்றோம். தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவி என்பது எனக்குத் தெரியும்.

"இவ இல்ல," என்றார் டாக்டர் வெளியே வந்து.

"சரி, கூட்டிட்டுப் போங்க," என்றார் போலீஸ்காரம்மா.

குழந்தை பால் குடித்ததாக நர்ஸ் சொன்னார். தேறியதும் அரசுக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அம்மா வைத்த பெயரை அங்கே வைத்துக்கொண்டார்களா என்று கேட்க எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

இருட்டுவதற்குள் அக்காவைத் திரும்ப விடுதியில் விட்டோம். நாசரேத்துக்கு இரண்டு நடை, காத்திருப்பும் சேர்த்து, கார்க்காரர் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.