அண்டாவுக்குள் அத்தான்

கல்யாண வீட்டில் சாம்பார் வைக்க எடுத்து வந்த அண்டாவுக்குள் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவரால் வெளியே வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் சம்பந்தி வந்து நிற்கிறார். நீங்களாக இருந்தால் முதலில் யாரைக் கவனிப்பீர்கள்?

நான் சம்பந்தியைக் கவனித்தேன். அது தப்பு என்று அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அண்டாவுக்குள் இருந்தவர் என் அத்தான். அக்காவின் கணவர். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மேலகரத்தில் வீடு. சீசன் வந்துவிட்டால் தினமும் குற்றாலத்தில்தான் குளியல். வீட்டு பாத்ரூம் விருந்தாளிகளுக்கு.

சம்பந்தி ஆய்க்குடிக்காரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். இங்கே போலீஸ், அங்கே மிலிட்டரி... இரண்டு பேரும் வணக்கம் வைத்தாலே ஏதோ அணிவகுப்பு நடப்பது மாதிரி இருக்கும்.

சிக்கல் நிச்சயதார்த்தத்தன்று தொடங்கியது. இரண்டு அப்பாக்களும் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாம்பூலம் மாற்றினார்கள். முடிந்ததும் சம்பந்தி விறைப்பாக எழுந்து நின்றார். அத்தானும் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா என்று பிடித்துத் தூக்கினோம். கூடம் முழுக்கப் பார்த்தது. சம்பந்தி பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அத்தானைச் சுட்டுவிட்டது.

"மாப்ள, கல்யாணத்தன்னைக்கு மணையில நானா உக்காருவேன், நானா எந்திரிப்பேன். எவனும் கை குடுக்கப்பிடாது, சொல்லிட்டேன்" என்றார் அன்று சாயங்காலம்.

கல்யாணப் பெண் கயல்விழி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட். ஊரார் முட்டியெல்லாம் அவள் கையில்... அப்பா முட்டி மட்டும் அவள் பேச்சைக் கேட்காது.

"யப்பா, சேர்ல உக்காந்து தாரை வாத்தா கல்யாணம் செல்லாதா?"

"சர்வீஸ் பூரா சேர்லதான உக்காந்தேன்! பெத்த மவளத் தாரை வாக்கும்போதாவது கீழ உக்காருதேன்ட்டி."

கயல் அதற்கு மேல் வாதாடவில்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு பாக்கெட் எப்சம் சால்ட்டும் வாங்கி வந்தாள்.

எப்சம் சால்ட் தெரியும்தானே? பார்த்தால் கல்லுப்பு, நாக்கில் வைத்தால் கசப்பு. மக்னீசியம் சல்பேட். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வலிக்கிற காலை அதில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனை எலியாக முதலில் நான்தான் உட்கார்ந்தேன். பக்கெட்டில் கால், கையில் காபி. பொய் சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. குதிகாலில் இருந்த பிடிப்பு விட்டுவிட்டது. அன்றைக்குத் தூக்கமும் நன்றாக வந்தது.

"உப்பு வேலை செய்யுதும்மா" என்றேன்.

"பாதிக்கு மேல சுடுதண்ணி செய்யுத வேலை மாமா. தோல் வழியா மக்னீசியம் உள்ள போயிரும்னு சொல்லுதாங்க, அதுக்குப் பெரிசா ஆதாரம் கெடையாது. தசை தளரும், வலிக்குக் கொஞ்சம் கேக்கும். தேஞ்ச முட்டிய அது ஒட்டிக் குடுக்காது."

பிறகு அப்பாவுக்குச் சட்டதிட்டங்களைச் சொன்னாள். தண்ணீர் கொதிக்கக் கூடாது. கால் மணி நேரம் போதும், மிஞ்சினால் இருபது நிமிடம். அளவுக்கு மேல் உப்பு போட்டால் தோல் வறண்டு அரிக்கும். புண் இருந்தால் வேண்டாம். சர்க்கரைக்காரர்களும் கிட்னி கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. "நீங்க பிரஷர் மாத்திரை போடுதிய. சூட்டுல ரொம்ப நேரம் கெடந்துட்டு சட்டுனு எந்திரிச்சா கிறுகிறுன்னு வந்துரும். கால மட்டும் வைங்க, போதும். குடிச்சுக் கிடிச்சுத் தொலைச்சிராதிய... பேதிதான்."

கைதியின் வாக்குமூலத்தைக் கேட்கிற முகத்தோடு அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒன்றையும் நம்பவில்லை.

ஏன் நம்புவார்? குற்றாலத்துக்காரரிடம் போய்க் காலை மட்டும் நனை என்றால் எப்படி? அருவிக்கு வருகிறவன் எவனாவது காலை மட்டும் காட்டிவிட்டுப் போகிறானா? உச்சந்தலையில் தண்ணீர் இடியாக விழ வேண்டும். உதடு நடுங்க வேண்டும். பெண்டாட்டி கரையில் நின்று கத்த வேண்டும். அதன் பிறகுதான் அது குளியல்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மலையில் செம மழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அத்தானுக்குக் கை கால் ஓடவில்லை. விடிந்தால் மணையில் உட்கார வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று பிடித்துக்கொண்ட முட்டி இன்னும் பாதிதான் மடங்குகிறது.

பின்கட்டில் சமையலுக்கு வாடகைப் பாத்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றில் பெரிய அண்டா ஒன்று பளபளவென்று இருந்தது. அத்தான் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அருவிக்குத் தடை என்றால் அங்கே எண்ணெய் மசாஜ் செய்கிறவர்களுக்கும் வேலை இருக்காதே! வழக்கமான ஆளுக்குப் போன் போட்டு வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய். அருவிக்குப் போகும் முன் எண்ணெய் தேய்ப்பது முறை இல்லையா? அண்டாவுக்குப் போகும் முன்னும் அதே முறை.

அடுத்து உப்பு. கயல் கொடுத்த பாக்கெட் கால்வாசிதான் மிச்சம். ஆனால் அத்தானின் பண்பொழித் தோப்பில் தென்னை மட்டை மஞ்சளடித்தால் தூரில் போடுவதற்கென்று உரக்கடையில் வாங்கிய மக்னீசியம் சல்பேட் மூட்டை ஒன்று கொட்டகையில் கிடந்தது.

"அது மரத்துக்கு உள்ளதுல்லா அத்தான்?" என்றேன்.

"பேரு ஒண்ணுதான மாப்ள? மரத்துக்கே பச்சை குடுக்குதுன்னா மனுசனுக்குக் குடுக்காதா?"

மூட்டையை அவிழ்த்தார். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், கை கையாக உரக்கடை உப்பு, அதற்குள் எண்ணெயில் மினுமினுக்கும் இன்ஸ்பெக்டர். அண்டா அவருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா... இதுல்லா சொர்க்கம்" என்றார்.

கால் மணி நேரம் ஆனது. எழுப்பினேன். "அருவியில ஆள வெளியேத்துத போலீஸ் மாதிரி விசிலடிக்காதிய, போங்க" என்று விரட்டினார். நம் ஊரில் எதையும் அளவோடு செய்தால் அது வைத்தியம் என்று கணக்கிலேயே வராது, கவனித்திருக்கிறீர்களா? ஒரு மாத்திரை நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது. இருபது நிமிடம் நல்லதென்றால் ஒரு மணி நேரம் எவ்வளவு நல்லது!

ஒரு மணி நேரம் கழித்து அத்தான் எழுந்தார். உடனே உட்கார்ந்தார்.

"மாப்ள... வீடு சுத்துது."

அக்கா ஓடி வந்தாள். "இந்த மனுசன் சாகப் பாக்காரே! ஏலே, தூக்குங்கலே!" சமையல்காரர்கள் இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். வழுக்கியது. அக்குளைப் பிடித்தார்கள். அதுவும் வழுக்கியது. உள்ளே முட்டி மடங்கி மாட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மாதமாக எந்த முட்டி மடங்கவில்லை என்று அழுதாரோ, அதே முட்டி இப்போது நிமிரமாட்டேன் என்கிறது!

வாசலில் குரல் கேட்டது. "சம்பந்தி இருக்காவளா?"

நான் பாய்ந்து போனேன். சம்பந்தி இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் நின்றார். நாளைக்கு வேன் எங்கே நிறுத்துவது என்று பார்த்துவிட்டுப் போக வந்தாராம். "வாங்க வாங்க, உக்காருங்க, காபி குடிங்க" என்று வாசலிலேயே அணை கட்டினேன். அதற்குள் பின்கட்டிலிருந்து அக்காவின் குரல்... "ஐயோ, கண்ணு சொருகுதே!"

மிலிட்டரிக்காரர் நிற்பாரா? என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்டாவைப் பார்த்தார். அதற்குள் இருந்தவரைப் பார்த்தார். அத்தான் அந்த நிலையிலும் சல்யூட் மாதிரி எதையோ அடித்தார்.

நல்லவேளையாகக் கயல் வந்து சேர்ந்தாள். பக்கத்து வீட்டில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தவள், இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள். எதையும் தொட முடியாது. வாயால்தான் வைத்தியம்.

"யாரும் இழுக்காதிய! சுடுதண்ணிய மோந்து வெளிய ஊத்துங்க. யப்பா, எந்திரிக்காதிய. குனிஞ்சு உக்காருங்க. குடிக்கத் தண்ணி குடுங்க. மாமா, அந்தக் கடலை மாவ எடுங்க!"

"இப்ப எதுக்கும்மா பஜ்ஜி?"

"எண்ணெய எடுக்க மாமா!"

பஜ்ஜிக்கு வைத்திருந்த மாவை அத்தான் மேல் அள்ளிக் கொட்டினேன். தலை சுற்றல் நின்ற பிறகு அண்டாவை மெதுவாகச் சாய்த்தோம். சம்பந்தி ஒரு தோள், நான் ஒரு தோள். எண்ணெயில் போட வேண்டியதுதான் பாக்கி என்கிற கோலத்தில் அத்தான் வெளியே வந்தார். உடம்பெல்லாம் செக்கச்செவேல், போதாததற்கு அரிப்பு. கயல் மூட்டையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். மருதாணி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

"மருந்து ஒண்ணுதான்ப்பா. ஆனா இது மண்ணுல போடச் செஞ்சது. குளிக்கதுக்குன்னு சுத்தம் பண்ணினது கெடையாது."

நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, பிரஷர் பார்த்து, கட்டிலில் உட்கார வைத்தோம். அத்தான் நிமிரவில்லை. துண்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சம்பந்தி... ஒங்க முன்னால அன்னைக்கு மாதிரி ஆயிரப்பிடாதுன்னுதான். எம் புள்ளையத் தாரை வாக்கும்போதாவது மரியாதையா கீழ உக்காரணும்னு நெனச்சேன்."

கண்ணில் தண்ணீர். என் அத்தான் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இவ்வளவு நேரம் உள்ளுக்குள் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

சம்பந்தி ஒரு சேரை இழுத்துப் போட்டார். "அம்மாடி..." என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். பேன்ட்டை மேலே சுருட்டினார். இரண்டு முட்டியிலும் இறுக்கமாக உறை.

"நிச்சயதார்த்தத்தன்னைக்கு வலி மாத்திரை போட்டுட்டு வந்தேன் சம்பந்தி. விறைப்பா எந்திரிச்சேன்லா? வீட்டுக்குப் போயி மூணு நாள் படுத்த படுக்கை. நீங்க கீழதான் உக்காருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கதா மருமவ சொல்லிச்சு. நீங்க உக்காந்தா நானும்லா உக்காரணும்? வேன் நிறுத்த எடம் பாக்கவா வந்தேன்... ரெண்டு சேர் போட்டுருவமான்னு கேக்கத்தான் வந்தேன். வாசல்ல நின்னு வாய் வரல."

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான். அடுத்து சம்பந்தி. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் வாயத் தொறந்து கேட்டிருந்தா எனக்கு ஒரு அண்டா மிஞ்சியிருக்கும்" என்றாள்.

மறுநாள் மேடையில் இரண்டு சேர் போட்டோம். ஐயரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எனக்கும் ஒண்ணு போடுங்கோ. நானா கேட்டா நன்னா இருக்காதேன்னுதான் பேசாம இருந்தேன்" என்றார். கயலின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து அத்தான் தாரை வார்த்தபோது ஒரு நடுக்கம்கூட இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. எந்த உப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது, சரிசெய்யவும் வேண்டாம்.

அந்த அண்டாவை முந்தின நாளே திருப்பிக் கொடுத்து வேறு அண்டா எடுத்துவிட்டோம் என்று பந்தியில் இலை இலையாகப் போய்ச் சொன்னேன். கேட்டால்தானே? மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சாம்பாரைத் தாண்டி நேராக ரசத்துக்குப் போய்விட்டார்கள்.

நேற்று சம்பந்தி எனக்குப் போன் செய்தார். மழையைப் பற்றிப் பேசினார். அருவியைப் பற்றிப் பேசினார். அரை மணி நேரம் சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி... அந்த அண்டாவ எந்தக் கடையில எடுத்திய?"