சத்தமில்லாத மெஷின்

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு ‘மன்னிக்கவும் அக்கா’ என்று பெயர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவள் வாயில் அதிகம் வருவது அந்தச் சொல்தான். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது இவளாலா? மரம் முறிந்து கம்பியில் விழுந்தது இவளாலா? ஆனாலும் திட்டு வாங்குவது இவள். எதிர்முனையில் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் குரல் மட்டும் உயரக் கூடாது, எல்லாம் பதிவாகிறது. பக்கத்து நாற்காலிக்காரி ஒருநாள் கேட்டாள்.

“உங்களுக்குக் கோபமே வராதாக்கா?”

“வரும். லைன்ல வெயிட்டிங்ல இருக்கு.”

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் வாயைக் கட்ட வேண்டும். கணவருக்கு அச்சகத்தில் இரவு ஷிஃப்ட். அவள் மதியம் வேலை முடிந்து வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பாத்திரத்தைக்கூடப் பூவைப் போல வைக்கப் பழகிய வீடு அது. மனுஷனைக் குறை சொல்லவும் வழியில்லை. தூக்கம் கெட்டுப்போய் காகிதம் வெட்டும் மெஷினுக்கு முன்னால் கண் சொக்கினால், போவது விரல்.

இந்த லட்சணத்தில் அவளுக்குப் பாடப் பிடிக்கும். முணுமுணுப்பதெல்லாம் அவளுக்குப் பத்தாது. அடிவயிற்றிலிருந்து எழுப்பித் தொண்டையைத் திறந்து பாட வேண்டும், அப்போதுதான் அன்றைக்கு வாங்கிய திட்டெல்லாம் இறங்கும். கல்யாணமான புதிதில் சமையலறையில் ஒருநாள் அப்படிப் பாடினாள். அவர் கண் சிவக்க எழுந்து வந்து கதவோரம் நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்குப் பாட வாய் வரவில்லை.

அவளைக் காப்பாற்றியது பழைய வாஷிங் மெஷின். பின்பக்க பால்கனியில் நின்ற அது, துணி பிழியத் தொடங்கினால் பேய் பிடித்ததுபோல ஆடும். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை நிலநடுக்கம் என்று நினைத்து செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடியிருக்கிறார். கணவரோ அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போய் அதிலேயே குறட்டை விடுவார். துணி துவைக்காமல் இருக்க முடியாது அல்லவா? அந்த இரைச்சலுக்குள் நின்று அவள் பாடினாள். மறந்துபோன வரிகளுக்குச் சொந்த வரிகளைப் போட்டுப் பாடினாள். யார் காதிலும் விழாது. உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இவள் ஒதுக்கிய நேரம் இதுதான். அது போதாத நாட்களில், துவைத்த துணியையே மறுபடி போட்டுத் துவைத்தாள்.

அதுதான் வினையாகப் போயிற்று. செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன் இதைக் கவனித்திருக்கிறான். அம்மா எந்நேரமும் துணியோடு மல்லுக்கட்டுகிறாளே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. முதல் சம்பளத்தில் தவணை போட்டு ஒரு புது மெஷினை வாங்கிவந்து நிறுத்தினான்.

“சத்தமே வராதும்மா. அப்பாவும் நிம்மதியாத் தூங்கலாம். வேலை முடிஞ்சா அதுவே ஒரு பாட்டுப் பாடும்.”

“பழசு நல்லாத்தானேடா ஓடுது? அது இருக்கட்டுமே.”

“பாத்தீங்களாப்பா? தனக்குன்னு ஒண்ணு வாங்குனா இவங்களுக்குப் பிடிக்காது.”

கணவர் சிரித்தார். “உங்கம்மா எப்பவும் இப்படித்தான்.”

சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் கழித்து, பெற்ற பிள்ளை ஆசையாக வாங்கிவந்து நிற்கும்போது, எனக்குச் சத்தம்தான் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வாள்? பழையதை இரண்டு ஆட்கள் மாடிப்படியில் இறக்கிக்கொண்டு போனார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில நாட்கள் பொறுத்தாள். ஒரு மதியம் பொறுக்க முடியவில்லை. வீட்டில் அவரும் அவளும் மட்டும்தான். பால்கனிக் கதவைச் சாத்தினாள், மெஷினை ஓடவிட்டாள், துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு மெல்லத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் துண்டு தானாகக் கீழே இறங்கிவிட்டது.

கதவு படாரென்று திறந்தது. கணவர் வேட்டியை இழுத்துப் பிடித்தபடி, வெளிறிப்போய் நின்றார்.

“என்னாச்சு? எங்கயாவது வலிக்குதா? அனத்துற மாதிரி கேட்டுச்சு.”

அவள் அவரையே பார்த்தாள். “மன்னிக்கவும்” என்றாள். அலுவலகக் குரல்தான் வந்தது. “ஒண்ணுமில்ல. நீங்க போய்ப் படுங்க.”

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் துவைத்து முடித்த மெஷின், வீடு முழுக்கக் கேட்கும்படி கணீரென்று தன் பாட்டைப் பாடியது.

“வேலை முடிஞ்சிருச்சு போல” என்றார் அவர், படுக்கையிலிருந்தே, பாதித் தூக்கத்தில். “நல்லாத்தான் பாடுது.”

அவள் மூடியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். எல்லாம் நேற்றே துவைத்துக் காயவைத்த துணிகள்.