குகை வாசலில் நின்றவர்

புதிய பதிப்பை வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓர் ஐப்பசி மழை நாளில் தொடங்கியது. எனக்கு அப்போது பதினோரு வயது.

பதிப்பு என்றது ஒரு விளையாட்டுக்கான விதிப் புத்தகத்தை. அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் பெயர், பலம், பட்ட காயம் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். ஆவூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா. சிங்கப்பூரில் அவர் வேலை பார்த்தபோது, அதே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். கெட்டி அட்டை போட்ட அந்த ஆங்கிலப் புத்தகத்தின் ஓரங்களில் சித்தப்பா பென்சிலால் தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தார்.

பிறகு அவர் ஒரு சரக்குக் கப்பலில் சேர்ந்தார். கப்பல் போக வேண்டிய துறைமுகத்துக்குப் போய்ச் சேரவில்லை. கம்பெனி அனுப்பிய கடிதத்தில் ‘காணவில்லை’ என்று இருந்தது. ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைத் தாண்டி வேறு சொல் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகு சித்தப்பாவின் மனைவி, எங்கள் சித்தி, விளையாட்டை நடத்துவார். அவர் குன்றாண்டார்கோவில் பள்ளியில் ஆசிரியை. அவர் கதையில் வரும் குகைகளில் பாறையைக் குடைந்து எடுத்த தூண்கள் இருக்கும். அந்த ஊர்க் குடைவரைக் கோயிலில் பார்த்தவை என்று எங்களுக்குத் தெரியும். அண்ணன் வாள்வீரன். நான் மந்திரக்காரி, யார் என்ன செய்தார் என்று நோட்டில் எழுதிவைப்பதும் என் வேலை. சித்தியின் மகனுக்கு ஏழு வயது. அவன் எப்போதும் நாயாகத்தான் வருவான். காயத்தைக் கணக்கிட வேண்டிய நாலு முகப் பகடை தொலைந்துபோனதால் அதற்குப் பதில் ஒரு தாயக்கட்டையை வைத்துச் சமாளித்தோம்.

இன்னொருவரும் உண்டு. புத்தகத்தின் பின்னட்டைக்குள் செருகியிருந்த பழைய தாள் ஒன்றில் அவர் இருந்தார். பெயர் மலையேறிச் சவரி. சித்தப்பா ஆடிய வழிகாட்டிப் பாத்திரம் அது. சித்தி எல்லாக் கதைகளையும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்: “மலையேறிச் சவரி குகை வாசல்ல வெளக்கோட நிக்கிறாரு.” அவர் உள்ளே வரமாட்டார், பேசமாட்டார். அவருக்காக யாரும் பகடை உருட்டுவதில்லை. நாங்கள் அடிபட்டுத் திரும்பும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சில வாரம் நாயும் உள்ளே வராமல் அவர் காலடியிலேயே படுத்துக்கொள்ளும்.

அண்ணன் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. விடுதியில் அவனுக்கு இதே விளையாட்டை ஆடும் கூட்டம் ஒன்று கிடைத்தது. அவர்கள் எல்லோரும் புதிய பதிப்புக்கு மாறியிருந்தார்கள்.

“பழசுல ஒரு கதவத் தொறக்க மூணு தடவ கணக்குப் போடணும் சித்தி. புதுசுல ஒரே உருட்டு. இன்னும் இதையே கட்டிக்கிட்டு அழுதா நான் வரல. அங்கிட்டே ஆடிக்கிறேன்.”

“வந்துட்டாரு தொரை. போன மாசம் வரைக்கும் இதே கதவுக்கு முட்டி மோதுனவந்தான நீ?” என்றார் சித்தி.

அண்ணன் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இருக்காது. எனக்குப் பட்டது அது மட்டும்தான். “வாங்கிருவோம் சித்தி” என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சித்தி அண்ணனின் செல்போனை வாங்கிப் புதிய விதிகளை நெடுநேரம் படித்தார்.

“இதுல வழிகாட்டின்னு ஒரு வகையே இல்லையேடா.”

“எடுத்துட்டாங்க. யாரும் அத ஆடுறதில்லையாம்.”

“அப்ப சவரிய என்ன செய்யிறது?”

“அவரு சும்மாதான சித்தி நிக்கிறாரு. விட்டுட்டுப் போயிரலாம்.”

“வெளக்க வச்சுக்கிட்டு நிக்கிற ஆள எப்படிடா விட்டுட்டுப் போறது?”

அண்ணன் சிரித்தான். சித்தி சிரிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த இரண்டு ஞாயிறும் அண்ணன் ஊருக்கு வரவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன் கோயிலிலிருந்து வீட்டுக்கொரு தாள் வரும். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், அன்றைய பூசையில் சாமியார் வாசிப்பார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு. அப்பா சொல்லச் சொல்ல ஏழு பெயர்கள் எழுதினேன். ஏழாவது பெயருக்குப் பிறகு அப்பா நிறுத்தினார். வருடா வருடம் அந்த இடத்தில் நிறுத்துவார். எதிரே சித்தி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அப்பாவுக்கு ஏதோ பெயர் மறந்துவிட்டது என்று நினைத்து நான் பேனாவோடு காத்திருந்தேன்.

“போதும். மடிச்சு வை” என்றார் அப்பா.

தாளில் எட்டாவது கோடு காலியாக இருந்தது. யோசனை அப்போதுதான் வந்தது. சவரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதுதான் சிக்கல் என்றால், அவரை முறையாக முடித்துவைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. எங்கள் ஊரில் ஒருவர் முறையாக முடிவது பூசையில் பெயர் வாசிக்கப்படும்போதுதான். அப்பா எழுந்து போனதும் எட்டாவது கோட்டில் அவர் பெயரை எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

திருநாளுக்கு அண்ணனும் வந்திருந்தான். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருக்கும் ஊர் என்பதால் பட்டப்பெயரோடு எழுதிக் கொடுப்பது வழக்கம். ஆகவே சாமியார் தயங்கவில்லை. எங்கள் குடும்பத்துப் பெயர்களை வரிசையாக வாசித்து, அதே குரலில் ‘மலையேறிச் சவரி’ என்றும் வாசித்து, அடுத்த குடும்பத்துக்குப் போனார். ஆண்கள் பக்கத்திலிருந்து அண்ணன் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்த சித்தியின் முதுகு அசையவில்லை. எல்லோரும் எழுந்து நின்ற பிறகும் அவர் எழவில்லை.

வெளியே வந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அப்பாவிடம் வந்தார். ஊரில் தனக்குத் தெரியாதவர் எவரும் இல்லை என்று நம்புகிறவர் அவர். “மலையேறிச் சவரி, வெராலிமலப் பக்கத்து ஆளுதான? நல்லாத் தெரியுமே எனக்கு. தங்கமான மனுசன்.”

அப்பாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“கோயில்ல போயி வெளையாட்டா ஒனக்கு? என்ன நெனச்சு எழுதுன?”

“புதுப் புத்தகத்துல அவருக்கு எடமில்லப்பா. சும்மா விட்டுட்டுப் போனா பாவம்ல. அதான் பூசைல சேத்தேன்.”

அப்பா கையை ஓங்கினார். சித்தி இடையில் வந்து நின்றார்.

“புள்ளய அடிக்காதீங்க. அஞ்சு வருசமா நமக்கு எழுதக் கை வரல. அது எழுதிருச்சு.”

என் கையெழுத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் அவரவர் குடும்பத்துக் கல்லறைகளைச் சுற்றிக் கூட்டம் நின்றது. தோட்டத்தின் நடுவே உயரமான சிலுவை ஒன்று உண்டு. இங்கே கல்லறை இல்லாதவர்களுக்கு அதன் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சித்தி அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. அன்று மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். ஈரக் காற்றில் சுடர் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை நின்றது. அப்பா தள்ளி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதையில் வரும் ஓர் ஆளுக்கு இவ்வளவு மரியாதை செய்கிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் சித்தி அண்ணனிடம் சொன்னார்: “கிறிஸ்துமஸ் லீவுக்கு வாரப்ப அந்தப் புதுசை வாங்கிட்டு வா.”

நான் ஜெயித்துவிட்டேன்.

டிசம்பரில் புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், ஓரங்கள் வெறுமையாக இருந்தன. பழைய புத்தகத்தைச் சித்தி பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தார். நாங்கள் மூவரும் புதுத் தாளில் புதுப் பெயர்கள் எழுதிக்கொண்டு உட்கார்ந்தோம். சித்தி மகன் மட்டும் மறுபடியும் நாய் என்றே எழுதினான்.

“குகை வாசல்ல…” என்று சித்தி தொடங்கினார். அதோடு நிறுத்தினார். நான் பேனாவோடு காத்திருந்தேன்.

“வாசல்ல யாரும் இல்ல” என்றார்.

“அப்ப நாயும் உள்ள வருது” என்றான் சித்தி மகன்.

நான் நோட்டில் தேதி போட்டு, ‘வாசலில் யாரும் இல்லை, நாய் உள்ளே வந்தது’ என்று எழுதிக்கொண்டேன். அடுத்த வாக்கியத்துக்குச் சித்தி வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு அவசரம் தாங்கவில்லை.

“அப்பறம் சித்தி?” என்று கேட்டேன்.